8 லட்சம் ரூபாய் காருக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும்?

கேள்வி: ஜிஎஸ்டி குறைந்த பிறகு 8 லட்சத்துக்கு நல்ல கார் கிடைக்கிறது. மாதச் சம்பளம் 70,000. தமிழ்நாட்டில் இப்போது புதுக் கார் வாங்கலாமா?

அந்த 8 லட்சத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். கார் வீட்டு வாசலில் நிற்க மாதம் எவ்வளவு போகும் என்று பாருங்கள். நான் போட்ட கணக்கில் 20,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. விவரம் கீழே. கோவையில் குடும்பத்தோடு கார் வைத்து ஓட்டுகிறவனின் கணக்கு இது. உங்கள் ஊரில் சில ஆயிரம் முன்பின் ஆகலாம்.

முதலில் நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டியும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆனது. அதாவது 8.75 லட்சம் கார் 8 லட்சத்துக்கு வந்திருக்கும். இதைத்தான் எல்லா விளம்பரத்திலும் பார்த்தோம்.

யாரும் விளம்பரப்படுத்தாதது நம் மாநிலத்து ஆயுள் வரி, அதாவது வண்டியைப் பதிவு செய்யும்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி. 2023 நவம்பர் வரை 10 லட்சத்துக்குள் உள்ள காருக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 15 என்று இருந்தது. இப்போது 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கும் மேல் 20. உங்கள் 8 லட்சத்துக்கு இது மட்டுமே 1,04,000 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 10 லட்சம் கோடு. வருமான வரி மாதிரி கோட்டுக்கு மேலே உள்ள தொகைக்கு மட்டும் கூடுதல் வரி என்பதில்லை, முழு விலைக்கும் 18 சதவீதம். 9.99 லட்சம் காருக்கு வரி சுமார் 1.30 லட்சம், 10.05 லட்சம் காருக்கு 1.81 லட்சம். விலையில் ஆறாயிரம் வித்தியாசம், வரியில் ஐம்பதாயிரத்துக்கு மேல்! போதாததற்கு 10 லட்சம் தாண்டினால் டிசிஎஸ் என்று வருமான வரிக்காக ஒரு சதவீதம் முன்கூட்டியே பிடிப்பார்கள் (அது கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும், பரவாயில்லை). ஆகவே சன்ரூஃப் வேண்டும் என்று ஒரு வேரியன்ட் மேலே போகும்போது இந்தக் கோட்டைத் தாண்டுகிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி குறைப்பில் நம்மூரில் அதிகம் லாபம் பார்த்தவர்களும் இந்தக் கோட்டை ஒட்டியவர்கள்தான். 10.8 லட்சமாக இருந்த கார் 9.88 ஆனதும் ஆயுள் வரியிலும் 66,000 மிச்சம்.

அடுத்து இன்சூரன்ஸ். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாக எடுத்தாக வேண்டும். 1,000 முதல் 1,500 சிசி வரை அதற்கு 2022இல் வைத்த கட்டணம் 10,640, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நம் வண்டிச் சேதத்துக்கான பாலிசி தனி. தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ‘ஜீரோ டெப்’ சேர்த்தே எடுங்கள். இல்லாவிட்டால் பம்பர் உடைந்தால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம் நம் கையை விட்டுத்தான் போகும். எல்லாம் சேர்ந்து முதல் வருடம் சுமார் 40,000. “இன்சூரன்ஸ் எங்களிடம்தான் எடுக்கணும் சார்” என்று ஷோரூமில் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டமும் இல்லை. வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கி மேசையில் வைத்தாலே அவர்கள் தொகை இறங்கும். பில்லில் ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஏதாவது எழுதியிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். நான் கேட்டபோது ஒரு வார்த்தை பேசாமல் அடித்தார்கள்.

ஆக வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலை ஏறக்குறைய 9.5 லட்சம். 3.5 லட்சம் கையிலிருந்து போட்டு, 6 லட்சம் கடன், 9 சதவீதம், ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 12,455. வட்டி மட்டும் மொத்தம் 1.47 லட்சம். தவணை குறைகிறதே என்று ஏழு வருடம் போட்டால் 9,650தான், ஆனால் வட்டி 2.11 லட்சம் ஆகிவிடும்.

தவணையை அப்படியே செலவாக எழுதக் கூடாது. வட்டியும் தேய்மானமும்தான் செலவு. ஐந்து வருடம் முடியும் காருக்கு இன்சூரன்ஸ்காரர்களின் அட்டவணையே பாதி மதிப்புத்தான் போடுகிறது. நல்ல பெயருள்ள மாடல் சந்தையில் அதைவிடக் கூடவே போகும், இருந்தாலும் 4 லட்சம் என்றே வைப்போம். போட்ட 9.5 லட்சத்தில் 5.5 லட்சம் கரைந்தது, வருடத்துக்கு 1.10 லட்சம். வட்டி 29,000 சொச்சம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், ஊருக்குள் 15 கிலோமீட்டர் மைலேஜ், வருடம் 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் 67,000. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் மைலேஜ் கொஞ்சம் குறையும், அதைச் சேர்க்கவில்லை. அடுத்த வருடங்களின் இன்சூரன்ஸ் சராசரி 18,000. சர்வீஸ், டயருக்கு ஒதுக்குவது, டோல் எல்லாம் 20,000. கூட்டினால் 2.44 லட்சம், மாதம் 20,000 தாண்டுகிறது, கிலோமீட்டருக்கு 24 ரூபாய்க்கு மேல்.

வருடம் 5,000 கிலோமீட்டர்தான் ஓடும் என்றால் பெட்ரோல் மட்டும்தான் பாதியாகும், மற்றது அப்படியே நிற்கும். கிலோமீட்டருக்கு 40 ரூபாயைத் தாண்டிவிடும். வெளியூர் டிராப் டாக்ஸி 14, 15 ரூபாய்க்கு வருகிறது, டிரைவர் பேட்டா தனி. வருடத்துக்கு இரண்டு முறை குலதெய்வம் கோயில், நாலு கல்யாணம் என்பதற்காகப் புதுக் கார் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவர்கள் இருந்தால் கதை வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு ஆப்பில் வண்டி தேடிக்கொண்டு நிற்க முடியாது. அங்கே இந்தக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு வாங்குங்கள்.

பழைய மாதிரி மூன்று லட்சத்துக்குப் புதுக் கார் வருமா என்றால், வராது. 2019இல் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்), 2020இல் பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி), 2022இல் முன்பக்கம் இரண்டு ஏர்பேக் என்று வரிசையாகக் கட்டாயமாயின. அந்த விலையேற்றத்தில் எனக்கு வருத்தமில்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

உங்கள் சம்பளத்துக்கு நான் சொல்வது நாலைந்து வருடம் ஓடிய, ஒரே ஓனர் கார். முதல் ஓனரே தேய்மானத்தின் பெரும்பகுதியை விழுங்கியிருப்பார். ஆயுள் வரியும் அவர் கட்டியதுதான், தமிழ்நாட்டுப் பதிவாக இருந்தால் நீங்கள் மறுபடி கட்ட வேண்டியதில்லை. டெல்லி வண்டி மலிவு என்று ஆசை காட்டுவார்கள். அங்கே டீசல் 10 வருடம், பெட்ரோல் 15 வருடம் என்று கெடுபிடி வந்ததால்தான் அந்த விலை. என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே பதிவு மாற்றும்போது வண்டியின் வயதுக்கேற்ப நம் ஆயுள் வரி வந்து நிற்கும். ஆர்டிஓ ஆபீசில் அந்தத் தொகையை விசாரித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.