ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம்? ப்ளக்-இன் ஹைப்ரிட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் கார் ப்ளக்-இன் ஹைப்ரிட், அதாவது சுவரில் செருகி ஏற்றிய மின்சாரத்தில் ஓடி, அது தீர்ந்ததும் இன்ஜினுக்கு மாறுவது. பேட்டரி 18 கிலோவாட்-மணி, அதாவது 18 யூனிட். ஒரு கிலோமீட்டருக்கு 180 வாட்-மணி செலவாவதாகத் திரை காட்டுகிறது. 18-ஐ 0.18-ஆல் வகுத்தால் 100 கி.மீ. வர வேண்டும். ஆனால் 72 கி.மீ.யிலேயே இன்ஜின் ஓடத் தொடங்கிவிடுகிறது. பேட்டரி பழுதா?

பதில்: பழுது இல்லை. உங்கள் கணக்கும் சரிதான், 18 என்ற எண்ணை எடுத்ததுதான் தவறு. அது பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு. கார் அதை முழுவதும் செலவழிக்க விடாது. 72-ஐ 180-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 12,960 வாட்-மணி. உங்கள் கார் பயன்படுத்தத் தரும் மின்சாரம் ஏறத்தாழ 13 யூனிட், மொத்தத்தில் 72 சதவீதம்.

ப்ளக்-இன் ஹைப்ரிட்களில் இப்படி ஒதுக்கி வைப்பது வழக்கம். 2016 மாடலாக வந்த இரண்டாம் தலைமுறை செவ்ரோலே வோல்ட்டில் மொத்தம் 18.4 யூனிட், பயன்பாட்டுக்கு 14. காரணம் இரண்டு. முழு மின்சாரக் காரின் பெரிய பேட்டரி, அன்றாட ஓட்டத்தில் பாதிகூடக் காலியாவதில்லை. உங்களுடைய சிறிய பேட்டரியோ தினமும் நிரம்பித் தினமும் காலியாகிறது. இரு முனைகளிலும் இடம் விடாவிட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும். அடுத்து, திரை 0 காட்டிய பிறகும் கார் ஹைப்ரிடாக ஓட வேண்டுமே. முடுக்கத்தில் மோட்டார் கைகொடுக்கவும், பிரேக்கில் திரும்பும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளவும் அடியில் ஒரு பங்கு நிற்க வேண்டும்.

கேள்வி: என் காரின் உண்மையான ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை, நானே எப்படி அளப்பது?

பதில்: டயர் ஆறியிருக்கும்போது காற்றழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். பேட்டரியை முழுவதும் நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, மின்சார ஓட்டத்துக்கான பொத்தானை அழுத்திவிட்டு, வழக்கமாகப் போகும் பாதையில் வழக்கமான வேகத்தில் போங்கள். அளக்கிறோம் என்பதற்காக மெதுவாக ஓட்டினால் அந்த எண் எதற்கும் உதவாது. சார்ஜ் தீர்ந்து இன்ஜின் முதலில் இயங்கும் இடத்தில் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜ் இருக்கும்போதே நடுவில் இன்ஜின் ஓடியிருந்தால் அந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிறகு, சார்ஜருக்குத் தாங்கும் திறனுள்ள மின் அளவி ஒன்றைப் பொருத்தி, காலியிலிருந்து முழுமைக்கு எத்தனை யூனிட் ஏறுகிறது என்று பாருங்கள். இங்கேதான் பலருக்குக் கணக்கு பிசகுகிறது. சார்ஜ் ஏறும்போது 10 முதல் 15 சதவீதம் வெப்பமாக வீணாகும். சுவரிலிருந்து 15 யூனிட் இழுத்தால் பேட்டரியில் சேர்வது 13. அந்த 15-ஐ 72 கி.மீ.யால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 208 வாட்-மணி வரும். மின் கட்டணத்துக்கு அந்த எண் சரி. அதை வைத்தே ரேஞ்ச் கணக்கிட்டால், 13 யூனிட்டுக்கு 62 கி.மீ. என்று 10 கி.மீ. குறைவாக வரும். ரேஞ்சுக்குப் பேட்டரியிலிருந்து வெளியேறும் யூனிட்டே வேண்டும். சார்ஜ் கம்பி செருகியிருக்கும்போது ஏ.சி.யை ஓட்டினாலும் அளவி கூடுதலாகக் காட்டும்.

ஐந்து முறையாவது அளந்து பாருங்கள். வழியில் இன்ஜின் ஓடவே கூடாது என்று திட்டமிடும் பயணத்துக்குச் சராசரியை நம்பாமல், கிடைத்தவற்றில் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலையில் திரை 62 கி.மீ. என்றது. 10 கி.மீ. ஓட்டியதும் 45 என்கிறது. எதை நம்புவது?

பதில்: அந்த எண் ஓர் ஊகம். அண்மையில் நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்து, இனியும் அப்படியே ஓட்டுவீர்கள் என்று கார் கணிக்கிறது. நேற்று இறக்கத்தில் வந்திருந்தால் இன்று கூட்டிச் சொல்லும். ஹீட்டரைத் தொட்டதும் குறைத்துவிடும். சார்ஜ் சதவீதத்தைப் பாருங்கள். முழு சார்ஜில் உங்களுக்கு 70 கி.மீ. என்றால் 40 சதவீதத்தில் 28 கி.மீ.

கேள்வி: ஒரே காருக்கு இரண்டு நாடுகளில் இரண்டு ரேஞ்ச் சொல்கிறார்களே?

பதில்: சோதனை முறை வேறு. ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறைக்கு வந்த டபிள்யூ.எல்.டி.பி. சோதனை, ஆய்வகத்தில் 23 டிகிரி செல்சியஸில், ஏ.சி. இல்லாமல் நடப்பது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இ.பி.ஏ., ஆய்வக முடிவை நிஜச் சாலைக்கு ஏற்பக் குறைத்து வெளியிடுகிறது. அதனால் இ.பி.ஏ. எண் பெரும்பாலும் சிறியது, அன்றாட ஓட்டத்துக்கு நெருக்கமானதும் அதுவே. விற்பனையாளர் ஓர் எண்ணைச் சொன்னால் அது எந்தச் சோதனையுடையது, நகர ஓட்டத்துக்கு மட்டுமானதா என்று கேளுங்கள். நகர எண் பெரும்பாலும் பெரிதாக இருக்கும்.

கேள்வி: குளிர், வேகம், ஏற்றம் ஆகியவற்றில் எது அதிகம் தின்னும்?

பதில்: குறுகிய நகரப் பயணத்தில் குளிர்தான். வெப்பக்கம்பியால் சூடேற்றும் ஹீட்டர் 3 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் செலவு மணிக்கணக்கில், கிலோமீட்டர் கணக்கில் அல்ல. நெரிசலில் ஒரு மணி நேரத்தில் 30 கி.மீ. நகர்ந்தால், கிலோமீட்டருக்கு 100 வாட்-மணி ஹீட்டருக்கே போய்விடும். இருக்கைச் சூடாக்கி இதில் ஒரு சிறு பங்குதான் கேட்கும். கம்பியைக் கழற்றும் முன்பே உட்புறத்தைச் சூடேற்றிவிட்டால் அந்தச் செலவு பேட்டரியைத் தொடாது. வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் வெப்பப் பம்பு உள்ள கார்களில் பாதிப்பு குறைவு. சில கார்களில் குளிர் மிகுந்தால் சார்ஜ் இருந்தும் இன்ஜின் தானே ஓடும். உங்கள் காரில் அது எப்போது என்று கையேட்டில் பாருங்கள்.

நெடுஞ்சாலையில் வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகம் × வேகம்) ஏற்ப ஏறுவது. 80-இலிருந்து 110-க்குப் போனால் எதிர்ப்பு கிட்டத்தட்ட 1.9 மடங்கு.

ஏற்றத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 1,800 கிலோ எடையுள்ள கார் 100 மீட்டர் உயரம் ஏற ஏறக்குறைய அரை யூனிட் வேண்டும். சமதரையில் 3 கி.மீ. ஓடும் மின்சாரம் அது. இறங்கும்போது ஒரு பகுதி திரும்ப வரும், முழுவதும் அல்ல. மலை மேலே முழு சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினால் அந்தப் பகுதியும் கிடைக்காது, வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது. அப்போது சில கார்கள் வேகத்தைக் கட்டுப்படுத்த இன்ஜினைச் சுழற்றும். மேலே தங்குபவர்கள் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: பேட்டரி தேய்ந்திருக்கிறதா என்று எப்படி அறிவது?

பதில்: கோடை எண்ணைக் குளிர்கால எண்ணோடு ஒப்பிட்டுக் கலங்காதீர்கள். அதே பாதை, அதே மாதம், அதே டயர் என்று சென்ற ஆண்டோடு ஒப்பிடுங்கள். கிலோமீட்டருக்கான செலவு மாறாமல், சுவரிலிருந்து ஏறும் யூனிட் 15-லிருந்து 13-ஆகக் குறைந்திருந்தால் தேய்மானம். யூனிட் அப்படியே இருந்து தூரம் மட்டும் குறைந்தால், பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் டயர் காற்றையும் பிரேக் உரசுகிறதா என்பதையும் பாருங்கள்.