ஒரு வகுப்புக்கு ஒரு காகிதம்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் 18 வருஷமா சிவில் பக்கம் தொழில் பார்க்கிறேனுங்க. போன வருஷம் எங்க சங்கத்துல ஜூனியர்களுக்கு மாசம் ஒரு சட்ட வகுப்பு ஆரம்பிச்சோம். நானும் ரெண்டு சீனியர்களும் சம்பளம் எதுவும் வாங்காம எடுத்தோம். முதல் வகுப்புக்கு நாற்பது பேர், மூணாவதுக்கு ஏழு பேர். அதோட நின்னு போச்சு. மறுபடி ஆரம்பிக்கணும்னு ஆசை. எங்கே தப்பு பண்ணினோம்? பார் கவுன்சில் விதிப்படி ஏதாவது சிக்கல் வருமா? சான்றிதழ் கொடுத்தா கூட்டம் நிக்குமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: சான்றிதழ் கொடுத்தாலும் கூட்டம் தங்காது. நம் நாட்டில் வழக்கறிஞர் தொழிலைத் தொடர்வதற்கு ஆண்டுதோறும் இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, கருத்தரங்கும் சட்டச் சொற்பொழிவும் நடத்துவதை மாநில பார் கவுன்சிலின் பணிகளில் ஒன்றாகச் சொல்கிறது. வந்து உட்காரும்படி யாரையும் அது வற்புறுத்தவில்லை. அதனால் திங்கட்கிழமை காலை கோர்ட்டில் கையில் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு பொருள் கிடைத்தால்தான் சனிக்கிழமை ஜூனியர் வருவார். உங்கள் வகுப்புகளின் தலைப்பு என்னவென்று நீங்கள் எழுதவில்லை. 'சொத்துரிமை மாற்றச் சட்டம் ஓர் அறிமுகம்' என்கிற மாதிரி இருந்திருந்தால் ஆள் குறைந்ததில் வியப்பில்லை. அதைக் கல்லூரியிலேயே படித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

தலைப்பை நீங்கள் யோசிக்க வேண்டாம். ஃபைலிங் செக்ஷனில் குறைபாடு எழுதித் திருப்பிய பிராதுகளும் (வழக்குரைகளும்) மனுக்களும் உங்கள் சங்கத்து உறுப்பினர்கள் எல்லோரிடமும் இருக்கும். ஒரு மாதத்து ரிட்டர்ன் குறிப்புகளை மட்டும் பெயரை மறைத்து நகலெடுத்துத் தரச் சொல்லுங்கள். குமாஸ்தாக்களிடம் கேட்டால் இன்னும் சீக்கிரம் கிடைக்கும். எது எதற்காகத் திரும்பி வருகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. அடிக்கடி வரும் குறை எதுவோ அதுதான் அடுத்த வகுப்பு. குமாஸ்தாக்களையும் வகுப்புக்கு அழையுங்கள்.

நம் பக்கத்துக்கு நான் முதலில் எடுக்கச் சொல்வது வண்டித்தட வழக்கு, அதாவது தோட்டத்துக்கு வண்டி போய்வரும் பாதை பற்றிய வழக்கு. தோட்டங்காடு உள்ள ஊரில் இது இல்லாத அலுவலகம் கிடையாது. 'மாமூல் வண்டித்தட பாத்தியம்' என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கும். ஜூனியர் அதை அப்படியே பிராதில் இறக்கிவிடுவார். தடத்தின் அகலம் இருக்காது, எங்கே தொடங்கி எந்த சர்வே எண் வழியாக எங்கே முடிகிறது என்பது இருக்காது. அசையாச் சொத்தை அடையாளம் காணும் அளவுக்கு, எல்லையோ சர்வே எண்ணோ சொல்லி, விவரிக்க வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7 விதி 3. இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ஒரே தடத்தை முதல் பத்தியில் 'எங்களுக்குச் சொந்தமானது' என்றும் நான்காவது பத்தியில் 'ஈஸ்மென்ட் உரிமை உண்டு' என்றும் எழுதுவது. ஈஸ்மென்ட் என்பது அடுத்தவன் நிலத்தின் மேல் இருக்கும் உரிமை. நிலமே உன்னுடையது என்றால் ஈஸ்மென்ட் எங்கிருந்து வரும்? குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

வகுப்பில் ஒரு புலப்பட (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) நகலை எல்லோருக்கும் கொடுங்கள். எண்களை மாற்றிய படமே போதும். ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் சொத்து விவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். தடத்தை அ-ஆ-இ-ஈ என்று குறித்து, பத்தடி அகலமா பன்னிரண்டடியா என்று அளவோடு, சொத்து விவரத்தை அவர்களே எழுதட்டும். பிறகு உரிமை எதிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். பத்திரத்தில் எழுதிக் கொடுத்ததா, வேறு வழியே இல்லாத தேவையா, அனுபவமா? அனுபவம் என்றால் 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி 20 ஆண்டு, அதுவும் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் வந்து முடியும் 20 ஆண்டு. 'நெடுங்காலமாக' என்று எழுதினால் போதாது. இதற்கு மட்டும் நாற்பது நிமிடம் கொடுங்கள், இடத்தைப் பார்வையிட கமிஷனரை நியமிக்கக் கேட்கும் மனுவை அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள். கிணற்றுப் பங்கு, மோட்டார், மின் இணைப்பு என்று பேச்சு கிளை விடும். அதையும் தள்ளுங்கள். ஒரே வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற ஆர்வம்தான் சீனியர்களின் வகுப்பை இரண்டரை மணி நேரத்துக்கு இழுக்கிறது.

இரண்டாவது வகுப்பு காசோலை வழக்கு. ஈரோட்டு மஞ்சள், திருப்பூர் நூல், விசைத்தறி என்று எல்லாம் கடைசியில், காசோலை பணமின்றித் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வந்து நிற்கின்றன. சட்டம் பேசாமல் ஒரு தேதிக் கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள். காசோலை திரும்பியதாகச் சொல்லும் வங்கியின் ரிட்டர்ன் மெமோ கைக்கு வந்தது 2025 மார்ச் 3. பணத்தைக் கேட்டு நோட்டீஸ் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 2-க்குள் அனுப்ப வேண்டும். எதிர்த்தரப்பு அதை வாங்கியது ஏப்ரல் 7 என்றால் பணம் கட்ட 15 நாள் அவகாசம் ஏப்ரல் 22-இல் முடியும். வழக்குத் தொடரும் உரிமை பிறப்பது 23. அங்கிருந்து புகார் கொடுக்க ஒரு மாதம். முன்னது 30 நாள், பின்னது ஒரு மாதம். இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கடைசி நாள் மே 22-ஆ 23-ஆ என்று வகுப்பில் சண்டை வரும், வரட்டும். தொடக்க நாளைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும் என்று எக்கான் ஆன்ட்ரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 2013-இல் சொன்னதை அப்போது எடுத்துக் காட்டுங்கள், மனதில் நிற்கும். தாமதத்துக்குக் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் 15 நாள் முடியுமுன் அவசரப்பட்டுப் போட்ட புகார் நிற்காது. இதை அழுத்திச் சொல்லுங்கள்.

2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த மூன்று புதிய குற்றவியல் சட்டங்களுக்கு வகுப்பு எடுக்கச் சொல்லி நிச்சயம் கேட்பார்கள். பழைய பிரிவு எண், புதிய பிரிவு எண் பட்டியலை வாசித்துக் காட்டாதீர்கள். அது செல்போனிலேயே இருக்கிறது. எண் எங்கே ஆளைக் கவிழ்க்கும் என்பதை மட்டும் காட்டுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதியதில் 482 என்றால் முன்ஜாமீன், உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. புதிய சாட்சியச் சட்டத்தில், மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய 63-ஆம் பிரிவுச் சான்றிதழைக் கையால் நிரப்ப வையுங்கள். ஒரு செல்போன் வீடியோவை எடுத்து அதன் ஹாஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு, 'அ' பகுதியைத் தாக்கல் செய்பவர் தரப்பும் 'ஆ' பகுதியை நிபுணர் தரப்பும் எழுதட்டும். அதே வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி மறுபடி கணக்கிட்டால் எண் மாறியிருக்கும். அனுப்பும்போது கோப்பு சுருங்கிவிடுகிறது. கட்சிக்காரர் 'வீடியோவை உங்களுக்கு அனுப்பிட்டனுங்க' என்று சொல்லிவிட்டுப் போனை மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்பது அந்த ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

நேரம் சனிக்கிழமை காலை 10 முதல் 11.15 வரை. மாலை வேண்டாம். கோர்ட் கலைந்ததும் சீனியர் அலுவலகத்தில் கட்சிக்காரர் காத்திருப்பார், அந்தியூர், சத்தி பக்கம் போகும் பெண் ஜூனியர்கள் பஸ்ஸைப் பார்ப்பார்கள். முகூர்த்த நாளையும் தேசிய லோக் அதாலத் நாளையும் தவிர்த்துத் தேதி குறியுங்கள். இருபது பேருக்கு மேல் வந்தால் இரண்டு அணியாகப் பிரியுங்கள், கூட்டமாக உட்கார்ந்தால் யாரும் எழுத மாட்டார்கள். நீங்கள் மூன்று பேரும் மாறி மாறிப் பேசுவதை விட, ஒருவர் பேச, ஒருவர் அந்த மாதத்துக் காகிதங்களைத் தயாரிக்க, ஒருவர் எழுதுபவர்களின் தோளருகே நின்று பார்க்க என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒன்றேகால் மணி வகுப்புக்கு ஐந்தாறு மணி நேரத் தயாரிப்பு தேவைப்படும். அந்த நேரம் உங்களால் முடியாத மாதத்தில் வகுப்பை விட்டுவிடுங்கள். பழைய வெற்றிக் கதைகளைச் சொல்லி நிரப்பாதீர்கள். எடுத்துக்காட்டும் தீர்ப்பு எதுவானாலும் முழுத் தீர்ப்பையும் திறந்து படித்துவிட்டுச் சொல்லுங்கள். இல்லாத தீர்ப்பை இருப்பது போலவே எழுதித் தரும் செயலிகள் இப்போது எல்லார் கையிலும் இருக்கின்றன.

விதிச் சிக்கலுக்கு வருவோம். சம்பளமின்றி வகுப்பு எடுப்பதற்கு ஒரு தடையும் இல்லை. கவனிக்க வேண்டியது பார் கவுன்சில் விதி 36. விளம்பரம் நேரடியாகவும் கூடாது, மறைமுகமாகவும் கூடாது. அழைப்பிதழில் பெயரும் தலைப்பும் போதும், 'காசோலை வழக்கு நிபுணர்' வேண்டாம். அலுவலக முகவரி அட்டையை மேசையில் அடுக்க வேண்டாம். நீங்கள் நடத்திக்கொண்டிருக்கும் வழக்கைப் பற்றிப் பேசி உங்கள் படத்தைப் பத்திரிகைக்குக் கொடுப்பது நேராக அந்த விதியில் போய் இடிக்கும். கட்சிக்காரர் சொன்ன ரகசியம் வழக்கு முடிந்த பிறகும் ரகசியம்தான். பெயரை மட்டும் அழித்தால் போதாது. சின்ன ஊரில் 'அந்த ரைஸ்மில்காரர்' என்றாலே ஆள் தெரிந்துவிடும். தொழிலை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், தொகையையும் மாற்றுங்கள். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) வழக்கு ஆவணத்தை எந்த வடிவிலும் கொண்டுவர வேண்டாம்.

ஆறாவது மாதத்தில் வண்டித்தட வகுப்பை முதல் வகுப்புக்கு வந்த ஜூனியர் ஒருவரிடமே கொடுங்கள். காகிதங்களை அவரே தயாரிக்கட்டும், முந்தைய வாரம் ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுங்கள். வகுப்பன்று கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். முன்வரிசையில் உட்கார்ந்தால் அவர் உங்களைப் பார்த்துத்தான் பேசுவார்.