மெட்டல் ஆல்பத்துக்கு 8, ஜாஸ் ஆல்பத்துக்கு 5 என்றே மதிப்பெண் விழுகிறதா?

இரண்டு ஆல்பங்களின் ஒலியளவையும் சமப்படுத்திக் கேளுங்கள். மதிப்பெண்ணை அப்புறம் பார்க்கலாம்.

விமர்சனம் எழுத உட்கார்ந்தால் மெட்டலுக்கு 8, ஜாஸுக்கு 5 என்றே கை போகிறது என்கிறீர்கள். இது ரசனைக் கோளாறாக இருக்க வேண்டியதில்லை. சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும். மெட்டல் மாஸ்டரிங்கில் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பில்) பெரும்பாலும் கம்ப்ரெஷன் போட்டு, அதாவது சத்தமான இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்து, மெல்லிய இடங்களையும் தூக்கிவிடுவார்கள். 2008இல் வந்த மெட்டாலிகா இசைக்குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பம் இதற்காகவே ரசிகர்களிடம் திட்டு வாங்கியது. ஜாஸில் பிரஷ் டிரம்மை உரசுவதுகூட மெல்லியதாகவே நிற்கும். பாஸ் (தாழ்ந்த சுருதி) ஒலி எழும்பும்போதுதான் அந்த மென்மையின் அருமை தெரியும்.

சோதனை இதுதான்:

1. ஸ்பாட்டிஃபையில் வால்யூம் நார்மலைசேஷனை (ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியை) இயக்குங்கள். சாதாரண நிலையில் -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவை ஒட்டிக் கொண்டுவரும்.
2. ஷஃபிள் வேண்டாம். அதில் ஒவ்வொரு பாடலும் தனித்தனியாகச் சமனாகி, ஆல்பத்துக்குள் இருக்கும் ஏற்ற இறக்கம் போய்விடும்.
3. பழைய மதிப்பெண்ணைப் பார்க்காமல் புதிதாகப் போடுங்கள்.

ஒன்று மட்டும்: அளவைக் குறைத்தாலும் கம்ப்ரெஷனில் நசுங்கிய ஒலி விரியாது. அப்புறமும் ஜாஸுக்கு 5தான் என்றால் சரி, அந்த ஆல்பம் 5தான்.