அந்தப் பொட்டலத்தைத் திரும்ப வாங்கினீர்களா?

"அண்ணாச்சிக்கு வணக்கம். எங்க வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஏசி வேலை பார்க்கிறார், பதினோரு வருஷம் ஆச்சு. போன லீவில் வந்தப்போ சர்க்கரை இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். அங்கே யாருக்கும் அவர் சொல்லலை. இன்னும் ரெண்டு மாசத்தில் விசா புதுப்பிக்கணும், மெடிக்கலில் சர்க்கரை தெரிஞ்சா அன்ஃபிட் அடிச்சு ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு பயப்படுறார். மாத்திரையை ஊருக்கு வந்துட்டுப் போறவங்க கையில் நான்தான் கொடுத்து விடுறேன். இப்போ கால் எரியுது, முதுகு வலிக்குதுங்கிறார், அதுக்கும் வாங்கி வச்சிருக்கேன். பக்கத்துத் தெருப் பையன் இருபதாம் தேதி திருவனந்தபுரத்தில் பிளேன் ஏறுறான். அவன்கிட்ட சால்னாப் பொடியும் சேர்த்துக் கொடுத்திருக்கேன். அவருக்கு விசா போயிருமா அண்ணாச்சி? ராத்திரி தூக்கமே வரலை."
பெயர் வேண்டாம், முக்கூடல்

தங்கச்சி, உங்கள் கடுதாசி என் கைக்கு வந்தது பதினேழாம் தேதி. இந்தப் பதில் அச்சாகி முக்கூடல் வந்து சேர்வதற்குள் பையன் அங்கே இறங்கியிருப்பான் என்பதால்தான் நீங்கள் அடியில் எழுதியிருந்த நம்பருக்கு அன்றைக்கே போன் போட்டேன். கால் எரிச்சல் மாத்திரை அட்டையைப் பின்பக்கம் திருப்பி எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னேன், மெதில்கோபாலமின் என்று வாசித்தீர்கள், அடுத்த வரியில் ப்ரீகாபாலின். முதுகுவலி அட்டையில் ட்ராமடால். அந்த ரெண்டையும் சால்னாப் பொடியையும் பையனிடமிருந்து திரும்ப வாங்கி வையுங்கள் என்று மட்டும் சொன்னேன், ஏன் என்று விளக்க நேரமில்லை, நீங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தீர்கள், நான் சொன்னதில் பாதி ஹாரன் சத்தத்தில் போய்விட்டது. இப்போது உட்கார்ந்து சொல்கிறேன்.

ப்ரீகாபாலின் நம்ம ஊரில் சர்க்கரைக்காரர்களுக்குக் கால் எரிச்சல் என்றால் டாக்டர்கள் சர்வசாதாரணமாக எழுதுகிற மாத்திரை. பாளையங்கோட்டையில் சீட்டைக் காட்டினால் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். அமீரகத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, போதைக்காகத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதால். ட்ராமடாலும் அதே ரகம், கோடீன் கலந்த இருமல் மருந்தும் அப்படித்தான். கொண்டுபோயே தீரவேண்டும் என்றால் நோயாளி தன் பெயரில், டாக்டர் சீட்டையும் அறிக்கையையும் வைத்து, அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் கிளம்புவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். இங்கே என்ன நடக்க இருந்தது பாருங்கள், சீட்டு உங்கள் வீட்டுக்காரர் பேரில், மாத்திரை பக்கத்துத் தெருப் பையனின் பையில், அந்தப் பையனுக்கு அதன் பேர்கூடத் தெரியாது. ஏர்போர்ட்டில் பிடித்தால் 'முக்கூடல் அக்கா கொடுத்துவிட்டாள்' என்று அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க அங்கே ஆள் கிடையாது.

சால்னாப் பொடியை ஏன் வாங்கச் சொன்னேன் என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். அதில் கசகசா வறுத்துப் போட்டிருப்பீர்கள், நம்ம பக்கத்துப் பெண்கள் கசகசா இல்லாமல் சால்னாப் பொடி திரிக்கமாட்டார்கள். கசகசா அபினிச் செடியின் விதை. அமீரகத்திலும் சவுதியிலும் சிங்கப்பூரிலும் அது தடை, மசாலாவில் அரைத்துச் சேர்த்தது என்றாலும் தடைதான். அடுத்த தடவை முந்திரியோ பொட்டுக்கடலையோ போட்டுத் திரியுங்கள், ருசி கொஞ்சம் மட்டு, ஆனால் பொடி போய்ச் சேரும். புளிமிளகாய் தாராளமாகக் கொடுத்து விடலாம், எண்ணெய் கசியாமல் கட்டினால் போதும்.

சரி, விசாவுக்கு வருகிறேன்.

ஷார்ஜா ரோலா பக்கத்தில் டைப்பிங் சென்டரில் நான் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தவன். விசா ஃபாரமும் மெடிக்கல் ஃபாரமும் அடித்து அடித்தே விரல் தேய்ந்தது. அமீரகத்தில் விசா புதுப்பிக்க எடுக்கிற மெடிக்கலில் எல்லோருக்கும் பார்ப்பது ரெண்டு விஷயம்: ரத்தத்தில் எச்ஐவி, நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய். வீட்டுவேலை, குழந்தை பார்ப்பது, சலூன் மாதிரி சில வேலைக்காரர்களுக்கு மட்டும் ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் என்று கூடுதலாகப் பார்ப்பார்கள். சர்க்கரை அந்தப் பட்டியலிலேயே இல்லை. ரத்தம் எடுக்கிறார்களே, அதில் எல்லாமே தெரிந்துவிடுமே என்று மாப்பிள்ளை நினைக்கிறார் போல. எடுத்த ரத்தத்தில் எதைத் தேடச் சொல்லியிருக்கிறதோ அதைத்தான் தேடுவார்கள்.

அப்புறம் ஏன் இந்தப் பயம் கேம்புக்குக் கேம்பு பரவிக் கிடக்கிறது என்று கேட்டால், அதற்கும் ஒரு வேர் இருக்கிறது. சவுதி, குவைத் என்று புதிதாகப் போகிறவர்களுக்கு இங்கேயே ஒரு மெடிக்கல் உண்டு, காம்கா என்பார்கள், இப்போது வாஃபித் என்று பேர். அதில் தகுதியில்லை என்று சொல்கிற காரணங்களில் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தமும் உண்டு. கட்டுப்பாட்டில் இல்லாத என்ற வார்த்தையைக் கவனியுங்கள். யாரோ கடையநல்லூர்க்காரர் அதில் அடிபட்டிருப்பார், அவர் மச்சான் ஷார்ஜாவில் சொல்லியிருப்பார், பாதி வார்த்தை உதிர்ந்துபோய் 'சர்க்கரைன்னா அன்ஃபிட்' என்று மட்டும் ஆகியிருக்கும். நாளைக்கே உங்கள் வீட்டுக்காரர் கம்பெனி மாறி சவுதிக்குப் போவது என்றாலும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தவருக்குத்தான் வழி. ஒளித்து வைத்தவருக்கு இல்லை.

இன்னொரு சங்கதி, இது புதுசு. முன்பெல்லாம் அபுதாபியிலும் துபாயிலும்தான் கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் போட்டே ஆகவேண்டும், ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் கேட்பார் கிடையாது. 2025 ஜனவரி 1 முதல் அங்கேயும் கட்டாயமாக்கிவிட்டார்கள், விசா எடுக்கவோ புதுப்பிக்கவோ இன்சூரன்ஸ் வேண்டும். அடிப்படைத் திட்டம் வருஷத்துக்கு 320 திர்ஹாமில் தொடங்குகிறது, அதைக் கட்டவேண்டியது கம்பெனி, சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. நாள்பட்ட நோய்க்கு இத்தனை மாதம் பொறுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அந்தத் திட்டத்தில் இல்லை. டாக்டர் பீஸிலும் மருந்திலும் ஒரு பங்கு கைக்காசு போகும். ஆக, இன்னும் ரெண்டு மாதத்தில் வரப்போகிற விசா புதுப்பித்தலைப் பார்த்துப் பயப்படுகிறாரே, அதே நேரத்தில்தான் அவர் சர்க்கரைக்கு அங்கேயே மருந்து வாங்க வழியும் திறக்கிறது. இன்சூரன்ஸ் ஃபாரத்தில் ஏதாவது நோய் உண்டா என்று கேட்டால் உண்டு என்றே எழுதட்டும். இல்லை என்று எழுதிவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் தரமாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு அதுவே போதும்.

கம்பெனிக்குத் தெரிந்தால் மேனேஜர் ஒரு மாதிரிப் பார்ப்பார், அது நடக்கும், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் உடம்புக்கு முடியாமல் போனால் சட்டப்படி வருஷத்துக்கு 90 நாள் வரை லீவு உண்டு, முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மிச்சம் 45 நாள் சம்பளம் இல்லாமல். சரி, அனுப்பியே விட்டார்கள் என்று வையுங்கள், பதினோரு வருஷம் பார்த்தவரை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் வருஷம் 30 நாள். பேசிக் 1,200 திர்ஹாம் என்றால் ஒரு நாளைக்கு 40. ஐந்து வருஷத்துக்கு 105 நாள், ஆறு வருஷத்துக்கு 180, மொத்தம் 285 நாள், 11,400 திர்ஹாம். அவருடைய பேசிக் எவ்வளவு என்று கேட்டு நீங்களே போட்டுப் பாருங்கள், ராத்திரி தூக்கம் வராத நேரத்துக்கு நல்ல கணக்கு.

எனக்கு விசாவைவிடப் பெரிய கவலை அவர் காலைப் பற்றி. லீவில் வந்தபோது டாக்டர் எழுதிய சீட்டை வைத்து நீங்கள் மறுபடி மறுபடி வாங்கி அனுப்புகிறீர்கள், அதற்குப் பிறகு அவரை எந்த டாக்டரும் பார்க்கவில்லை, ரத்தமும் பார்க்கவில்லை. கால் எரிகிறது என்றால் நரம்பைச் சர்க்கரை தொட்டிருக்கலாம். எரிச்சலுக்குத் தனியாக மாத்திரை அனுப்பிப் பிரயோசனம் இல்லை, மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்பிஏ1சி எவ்வளவு என்று முதலில் தெரியவேண்டும். அதற்கு ஒரு ஊசி ரத்தம் போதும், அங்கே எந்த கிளினிக்கிலும் பார்ப்பார்கள். மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையும், அதனாலும் கால் மரக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்புகிற சர்க்கரை மாத்திரையில் கிளிமிபிரைடும் இருக்கிறது, அதையும் போனில் நீங்கள்தான் வாசித்தீர்கள். அதைப் போட்டுக்கொண்டு காலையில் சாப்பிடாமல் மொட்டை மாடியில் ஏசி யூனிட்டைக் கழற்ற ஏறினால் சர்க்கரை சடாரென்று இறங்கும். இறங்கும்போது வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். ஆனால் ஜூலை மாதத்தில் அங்கே மொட்டை மாடியில் எல்லாருக்கும்தான் வேர்க்கும், வெயில் என்று நினைத்து நிழலில் உட்காருவார், சர்க்கரை இன்னும் இறங்கும். சட்டைப் பையில் நாலு பேரீச்சம்பழம் எப்போதும் இருக்கட்டும், அந்த ஊரில் அதற்கா பஞ்சம்? ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அந்த நேரத்தில் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லுங்கள். சாப்பாடு என்றால் ரெண்டு குப்பூஸ் ரொட்டியும் ஒரு கிளாஸ் கரக் சாயாவும் இல்லை. குப்பூஸ் பெரும்பாலும் மைதா, கரக் சாயாவில் டின் பாலும் சீனியும், ஒரு நாளைக்கு நாலு கிளாஸ் குடிப்பார்கள், நானும் குடித்தவன்தான்.

எங்கள் ரூமில் வள்ளியூர்க்காரர் ஒருவர் இருந்தார், நல்ல மேஸ்திரி. சர்க்கரை இருந்ததை ரூமில் எங்களிடம்கூடச் சொல்லவில்லை. சேஃப்டி ஷூவுக்குள் சின்ன ஆணி ஒன்று ஏறி நின்றிருக்கிறது, மரத்துப்போன கால், வலி தெரியவில்லை, மூன்று நாள் அதோடேயே வேலை பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை லீவில் சாக்ஸைக் கழற்றியபோது வந்த வாடையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. ரெண்டு விரலை எடுத்தார்கள். விசாவில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, இன்னும் பதினாலு மாதம் பாக்கி இருந்தது.

உங்கள் வீட்டுக்காரர் அடுத்து லீவில் வரும்போது அரவிந்த் கண் மருத்துவமனையில் விழித்திரையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், நம்ம திருநெல்வேலியிலேயே இருக்கிறது. திரும்பிப் போகும்போது அவருடைய சாதாரண சர்க்கரை மாத்திரையை, டாக்டர் சீட்டோடு, அவரே தன் பையில் மூன்று மாதத்துக்கு எடுத்துப் போகலாம், அதற்குள் அங்கே ஒரு கிளினிக் பழகிவிடும். பாஸ்போர்ட் பத்தாம் வகுப்பு தாண்டாதவர்களுக்கான ஈசிஆர் வகை என்றால் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான பிரவாசி பாரதிய பீமா இன்சூரன்ஸ் பாலிசி முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள், விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம், ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான், முதல் தடவை போகும்போது போட்டதோடு பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் நீங்கள் ஒரே மூச்சில் சொன்னால் மாப்பிள்ளை போனை வைத்துவிடுவார், ஆம்பிளைகள் அப்படித்தான், நானும் வைத்திருக்கிறேன். முதலில் மெடிக்கலில் சர்க்கரை பார்ப்பதில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள், அந்தப் பயம் இறங்கட்டும். ரெண்டு நாள் கழித்து இன்சூரன்ஸ் பேச்சை எடுங்கள். அவர் தினமும் ராத்திரி வீடியோ காலில் வருவார் இல்லையா, முகத்தை மட்டும்தான் காட்டுவார். இன்றைக்குக் காலைக் காட்டச் சொல்லுங்கள். மேல்பக்கம் இல்லை, உள்ளங்கால், குதிகால், அப்புறம் ஒவ்வொரு விரலிடுக்கும், லைட்டைப் போட்டு. சிரிப்பார், சிரிக்கட்டும். கறுப்பாகவோ சிவப்பாகவோ ஏதாவது தெரிந்தால் விசா தேதிக்குக் காத்திருக்காமல் மறுநாள் காலையிலேயே கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள்.