ஒன்பது செக்கன் கழித்துக் கேட்ட இடி

நிலாவெளிக் கடலில் மின்னல் தெரிந்து ஒன்பது செக்கன் கழித்து இடி நீண்டு உருண்டதாகவும், வலையை எடுக்கப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து போகாதீர்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 செக்கன் எடுப்பதால், அம்மின்னல் 3 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. அடுத்தது உங்கள் தோணியிலேயே விழலாம்.

முகிலுக்குள் பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதுவதால் மின்னேற்றங்கள் பிரிகின்றன. அவை மின்னலாகப் பாயும்போது வழியிலுள்ள காற்று ஏறத்தாழ 30,000 பாகை செல்சியஸ் வரை கணத்தில் சூடாகி வெடித்து விரிவதே இடி. மின்னலின் பாதை பல கிலோமீட்டர் நீளக்கூடியது என்பதால், அதன் அண்மைப் பகுதியின் ஒலி முதலிலும் தொலைப்பகுதியின் ஒலி பின்னரும் வந்து சேர்கின்றன. நீங்கள் கேட்ட உருளல் அதுதான்.

கடைசி இடிக்குப் பின் 30 நிமிடமாவது கல்வீட்டுக்குள் இருங்கள். கரையிலுள்ள ஓலை வாடி மின்னலிலிருந்து காப்பாற்றாது.