5 அடி 3 அங்குல உயரத்தில் கூடைப்பந்தாட்டத்தைத் தொழிலாக ஆட முடியுமா?

திருகோணமலையில் பாடசாலை அணியில் ஆடும் உங்கள் தம்பி 5 அடி 3 அங்குலம்தான், விட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம். அதே உயரத்தோடு மக்சி போக்ஸ் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்.பி.ஏ.யில் 14 பருவங்கள் ஆடினார். 1987இல் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தெரிவு செய்தபோது, வாஷிங்டன் அணி அவரை 12ஆவதாக எடுத்தது. அடுத்த வருடம் சார்லட் அணிக்குப் போனார். பெயர் எடுத்தது அங்கேதான்.

அவரை நிலைக்க வைத்தது பந்தை இழக்காத கை. ஆட்டத்துக்குச் சராசரியாக 7.6 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பந்துக் கொடுப்பு), பந்து பறிபோனது இரண்டு தடவைக்கும் குறைவு. தம்பியும் அங்கிருந்தே தொடங்கட்டும். பந்து முழங்காலுக்கு மேல் எழும்பாமல், ஒவ்வொரு கையாலும் 30 விநாடி தட்டட்டும்; பார்வை முன்னால் இருக்கவேண்டும். உள்ளங்கை பட்டால் பந்து கட்டுப்பாட்டை மீறும், விரல்களால்தான் தட்டவேண்டும். எதிராளியின் பந்து தரையில் பட்டு மேலே வரும் கணத்தில் கீழிருந்து தட்டிப் பறிப்பது குள்ளமானவருக்கே வாய்க்கும் வரம்.

கச்சான் காற்று வீசும் பின்னேரங்களில் திறந்த மைதானத்தில் தூர எறிதல் பழக வேண்டாம். காற்றுக்கு ஏற்பக் கை வளைந்து, எறியும் முறையே கெட்டுப்போகும். அதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பெரும்பாலானோர் முப்படை அணியிலோ நிறுவன அணியிலோ வேலையோடுதான் ஆடுகிறார்கள். ஆகவே ஏ.எல். படிப்பும் கூடவே போகட்டும்.

சீமெந்துத் தரையில் பாய்ச்சல் பயிற்சி கிழமைக்கு 2 நாள் போதும். முழங்காற் சில்லுக்குக் கீழே நோவு வந்தால் அன்றே நிறுத்துங்கள். முழங்கால் பிரச்சினையால் போக்ஸ் 1995-96 பருவத்தில் ஆடியது வெறும் 6 ஆட்டங்கள்.