கார்டில் என்ன எழுதியிருக்கிறது? வாசகர் கேள்வி பதில்

சேகரிப்பு கார்டு விளையாட்டுகளின் வாசகங்களை எப்படிப் படிப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். மேஜிக்: த கேதரிங், யூ-கி-ஓ, போக்கிமான் ஆகிய மூன்றைப் பற்றித்தான் கேள்விகள் வந்திருக்கின்றன.

கேள்வி: மேஜிக்கில் "ரிபல்ஸ்" என்ற ஸ்பெல்லை, அதாவது மந்திரக் கார்டை, போட்டேன். டார்கெட் செய்த (குறியாகத் தேர்ந்தெடுத்த) கிரீச்சரை (களத்தில் நிற்கும் உயிரினக் கார்டை) அதன் உரிமையாளரின் கைக்குத் திருப்ப வேண்டும் என்பது முதல் வாக்கியம். ஒரு கார்டு எடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. எதிராளி உடனே பதிலடியாக அந்தக் கிரீச்சரைச் சாக்ரிஃபைஸ் செய்துவிட்டார் (தானே பலி கொடுத்துவிட்டார்). முதல் வாக்கியம் வீணானாலும் இரண்டாவதன்படி நான் கார்டு எடுக்கலாம் அல்லவா?

பதில்: எடுக்க முடியாது. டார்கெட் சரியானதா என்று இரண்டு தடவை பார்க்கப்படும். ஸ்பெல்லைப் போடும்போது ஒரு தடவை, அது ரிசால்வ் ஆகத் தொடங்கும்போது, அதாவது அதன் பலன் நடக்கத் தொடங்கும்போது, இன்னொரு தடவை. இரண்டாவது தடவை பார்க்கும்போது எல்லா டார்கெட்டும் செல்லாமல் போயிருந்தால் ஸ்பெல் ரிசால்வே ஆகாது. அதில் எத்தனை வாக்கியங்கள் இருந்தாலும் மொத்தமும் கிரேவ்யார்டு எனப்படும் கழிந்த கார்டுகளின் குவியலுக்குப் போய்விடும்.

இரண்டு டார்கெட் உள்ள ஸ்பெல்லில் ஒன்று மட்டும் போயிருந்தால் கதை வேறு. செல்லுபடியாகும் டார்கெட்டுக்கு நடக்க வேண்டியது நடக்கும், "ஒரு கார்டு எடு" போன்ற பொதுவான பகுதியும் நடக்கும். டார்கெட் என்ற சொல்லே இல்லாமல் "எல்லாக் கிரீச்சர்களும்" என்று எழுதியிருந்தால் இந்தச் சோதனைக்கே இடமில்லை. ரிசால்வ் ஆகும் நேரத்தில் களத்தில் என்ன இருக்கிறதோ அதற்கு நடக்கும். ஆகவே ஒரு கார்டைக் கையில் எடுத்ததும் டார்கெட் என்ற சொல் இருக்கிறதா, எத்தனை இடத்தில் இருக்கிறது என்றுதான் முதலில் தேட வேண்டும். அந்தச் சொல் இல்லாமலே டார்கெட் செய்வது முக்கியமாக ஆரா ஸ்பெல்தான்; எதன்மேல் ஒட்டப்போகிறதோ அதை அது போடும்போதே டார்கெட் செய்துவிடுகிறது.

கேள்வி: என் கிரீச்சருக்கு "இன்டிஸ்ட்ரக்டிபிள்" (அழிக்க முடியாதது), "ஹெக்ஸ்ப்ரூஃப்" (எதிராளி டார்கெட் செய்ய முடியாதது) இரண்டும் இருந்தன. எதிராளி "டயபாலிக் ஈடிக்ட்" போட்டு அதை எடுத்துவிட்டார். சரியா?

பதில்: சரிதான். அந்தக் கார்டு டார்கெட் செய்வது உங்களை, கிரீச்சரை அல்ல. அதனால் ஹெக்ஸ்ப்ரூஃப் குறுக்கே வராது. அது உங்களைச் செய்யச் சொல்வதும் சாக்ரிஃபைஸ், டிஸ்ட்ராய் (அழிப்பது) அல்ல. இன்டிஸ்ட்ரக்டிபிள் தடுப்பது டிஸ்ட்ராயையும், சாகும் அளவுக்கு வாங்கிய டேமேஜால் வரும் அழிவையும் மட்டுமே. எக்ஸைல் (கிரேவ்யார்டுக்கும் போகாமல் தனியே ஒதுக்குவது), சாக்ரிஃபைஸ், டஃப்னஸ் (கிரீச்சரின் தாங்கும் அளவு) பூஜ்யமாவது ஆகிய மூன்றுக்கும் அது தடையில்லை. உங்களிடம் வேறொரு கிரீச்சர் இருந்திருந்தால் எதைக் கொடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்திருக்கலாம்.

கேள்வி: யூ-கி-ஓவில் "பீட்டன் த டார்க் க்ளவுன்" கிரேவ்யார்டுக்குப் போனால் இன்னொரு பீட்டனைச் சிறப்பு அழைப்பாகக் களத்துக்குக் கொண்டுவரலாம். அதை ட்ரிப்யூட் (காணிக்கை) கொடுத்துப் பெரிய மான்ஸ்டரை அழைத்தபோது எஃபெக்ட் (கார்டின் பலன்) கிடையாது என்றார்கள். கார்டு கிரேவ்யார்டுக்குத்தானே போயிருக்கிறது?

பதில்: போயிருக்கிறது. ஆனால் கடைசியாக நடந்தது அதுவல்ல. முதலில் பீட்டன் கிரேவ்யார்டுக்குப் போகிறது, அதன்பிறகே புது மான்ஸ்டர் களத்துக்கு வருகிறது. பீட்டனின் வாசகம் "வென்" (நடக்கும்போது) என்று தொடங்கி "யூ கேன்" (நீங்கள் செய்யலாம்) என்று தொடர்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால், எதிர்பார்க்கும் நிகழ்ச்சி சற்றுமுன் நடந்தவற்றில் கடைசியானதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாய்ப்பு தவறிவிடும். ஆட்டக்காரர்கள் இதை "மிஸ்ஸிங் த டைமிங்" என்பார்கள்.

மூன்று சூழ்நிலைகளில் இது தவறும். ட்ரிப்யூட்டாகவோ வேறு ஆக்டிவேஷனுக்கான (எஃபெக்டைத் தொடங்குவதற்கான) செலவாகவோ கார்டு போனால் தவறும். ஓர் எஃபெக்டின் நடுவில் போய், அதன்பின் "தென்" (பிறகு) என்று வேறொன்று நடந்தால் தவறும். செயினில் (பதிலடிக்குப் பதிலடியாக அடுக்கி, கடைசி லிங்கிலிருந்து ரிசால்வ் ஆகும் வரிசையில்) இரண்டாவது அல்லது அதற்கு மேற்பட்ட லிங்க் ரிசால்வ் ஆகும்போது போனாலும் தவறும், ஏனென்றால் அதற்குப்பிறகு முதல் லிங்க் ரிசால்வ் ஆக வேண்டியிருக்கிறது. போரில் அழிந்து போனால் சிக்கல் இல்லை.

"வென்" என்பதற்குப் பதில் "இஃப்" (நடந்தால்) என்று எழுதியிருந்தால் எப்போது நடந்திருந்தாலும் எஃபெக்ட் கிடைக்கும். "யூ கேன்" இல்லாமல் கட்டாயமாக நடக்கும் எஃபெக்ட் என்றால் "வென்" இருந்தாலும் தவறாது. இந்த விதி புது ஆட்டக்காரருக்கு அநியாயமாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் வாசகம் அதை மறைக்கவில்லை; அந்த இரண்டு சொற்களையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் போதும்.

இதோடு இணைப்புச் சொற்களையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், சண்டைகளில் பாதி அங்கேதான் கிளம்புகிறது. "ஏ, தென் பி" என்றால் ஏ நடந்தால்தான் பி, அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக. "ஏ, அண்ட் இஃப் யூ டூ (அப்படிச் செய்தால்), பி" என்றாலும் ஏ நடந்தால்தான் பி, ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததாகக் கணக்கு. "ஏ அண்ட் பி" என்றால் இரண்டும் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும், ஒன்று முடியாவிட்டால் மற்றதும் இல்லை. "ஏ, ஆல்ஸோ பி" என்றால் ஒன்று போனாலும் மற்றது நடக்கும். ஒரே நேரமா, ஒன்றன்பின் ஒன்றா என்பது மேலே சொன்ன "வென்" கார்டுகளை நேரடியாகப் பாதிக்கிறது.

கேள்வி: மேஜிக், யூ-கி-ஓ இரண்டும் ஆடுகிறேன். முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் செலவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: மேஜிக்கில் எடுத்துக்கொள்ளலாம். முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் பலன். "ஒரு கிரீச்சரைச் சாக்ரிஃபைஸ் செய்" என்பது இடப்பக்கம் இருந்தால் எதிராளி பதிலடி கொடுக்கும் முன்பே அது கொடுத்து முடிந்துவிட்டது. அந்தக் கிரீச்சரைக் கொன்று உங்களைத் தடுக்க அவருக்கு இடமே இல்லை.

யூ-கி-ஓவில் அப்படி இல்லை. 2011-இல் வாசக நடையைச் சீரமைத்தபோது முக்காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் தனித்தனி வேலை கொடுத்தார்கள். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது எப்போது, எந்த நிபந்தனையில் ஆக்டிவேட் செய்யலாம் என்பது. அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது ஆக்டிவேட் செய்யும்போதே செய்து முடிக்க வேண்டியது: செலவு, டார்கெட் ஆகியவை. அரைப்புள்ளிக்குப் பின்னால் இருப்பது மட்டுமே ரிசால்வ் ஆகும்போது நடக்கும். களத்தில் உள்ள மான்ஸ்டரின் எஃபெக்டில் இந்த இரண்டு குறிகளில் ஒன்றுகூட இல்லையென்றால் அது செயின் தொடங்காது, அதற்குப் பதிலடியும் கொடுக்க முடியாது. 2011-க்கு முந்தைய அச்சில் இந்தக் குறிகளை நம்பாதீர்கள். அதே கார்டின் புதிய அச்சைப் பாருங்கள்.

போக்கிமானில் இதை வாக்கியமாகவே சொல்லிவிடுவார்கள். "அல்ட்ரா பால்" கார்டில், கையிலிருந்து வேறு 2 கார்டுகளை டிஸ்கார்ட் செய்தால் (கழித்தால்) மட்டுமே இதைப் போடலாம் என்று இருக்கிறது. ஆக, அதையும் சேர்த்துக் கையில் குறைந்தது 3 கார்டு வேண்டும். 2 மட்டும் இருந்தால் "இருப்பதைக் கொடுக்கிறேன்" என்று போட முடியாது.

கேள்வி: யூ-கி-ஓவில் என் ட்ராப் (பொறி) கார்டை ஆக்டிவேட் செய்தேன். எதிராளி "மிஸ்டிக்கல் ஸ்பேஸ் டைஃபூன்" போட்டு அதை அழித்து, எஃபெக்ட் ரத்து என்றார்.

பதில்: சாதாரண ட்ராப் என்றால் ரத்தாகாது. டைஃபூனின் வாசகத்தில் டிஸ்ட்ராய் இருக்கிறது, நெகேட் (ரத்து செய்) இல்லை. அட்டை போய்விடும், எஃபெக்ட் நடக்கும். களத்திலேயே தங்கும் வகைகளான கன்டினியூவஸ், ஃபீல்ட், எக்விப் கார்டுகள் மட்டும் ரிசால்வ் ஆகும்போது முகம் மேலாகக் களத்தில் இருந்தாக வேண்டும், அவற்றை அழித்தால் பலன் கிடையாது. மேஜிக்கிலும் இதேபோல்தான். "ப்ராடிகல் ஸார்ஸரர்" தன்னை டேப் செய்து (கார்டைப் பக்கவாட்டில் திருப்பி) 1 டேமேஜ் கொடுக்கும் திறனைத் தொடங்கியபின் அதைக் கொன்றாலும் அந்த 1 டேமேஜ் வந்தே தீரும்.

கேள்வி: "ஒப்லிவியன் ரிங்", "பேனிஷர் ப்ரீஸ்ட்" இரண்டும் ஒன்றை எக்ஸைல் செய்து, தாங்கள் போனால் திருப்பித் தருகின்றன. வாசகம் ஏன் வேறு வேறாக இருக்கிறது?

பதில்: எதை எக்ஸைல் செய்யலாம் என்பதை விட்டுவிட்டால், முக்கியமான வித்தியாசம் ஒரு "அன்டில்" (வரை) என்ற சொல்தான். ஒப்லிவியன் ரிங்கில் இரண்டு தனித்தனி டிரிகர்கள் (ஒன்று நடந்ததும் தானாகக் கிளம்பும் திறன்கள்) இருக்கின்றன. உள்ளே வரும்போது எக்ஸைல் செய் என்பது ஒன்று. வெளியே போகும்போது எக்ஸைல் ஆன கார்டைத் திருப்பு என்பது மற்றொன்று. முதல் டிரிகர் ஸ்டாக்கில் (ரிசால்வ் ஆகக் காத்திருப்பவற்றின் அடுக்கில்) காத்திருக்கும்போதே ரிங்கைக் களத்திலிருந்து எடுத்துவிட்டால் என்ன ஆகும்? வெளியேறும் டிரிகர் ஸ்டாக்கில் மேலே ஏறி, முதலில் ரிசால்வ் ஆகும். திருப்பித் தர அப்போது எதுவும் இல்லை. அடுத்து முதல் டிரிகர் ரிசால்வ் ஆகி எதிராளியின் கார்டை எக்ஸைல் செய்யும். அதைத் திருப்பித் தரும் டிரிகர் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் அந்தக் கார்டு வரவே வராது. தன் ரிங்கைத் தானே எடுத்து இதை வேண்டுமென்றே செய்பவர்கள் உண்டு, விதிப்படி அது சரியான ஆட்டமே.

2013-இல் வந்த பேனிஷர் ப்ரீஸ்டில் ஒரே டிரிகர்தான்: "இது களத்தை விட்டுப் போகும்வரை எக்ஸைல் செய்." டிரிகர் ரிசால்வ் ஆவதற்குள் ப்ரீஸ்ட் போய்விட்டால் அந்தக் காலவரம்பு தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. எதுவுமே எக்ஸைல் ஆகாது. ஆகையால் எதிரே இருப்பது எந்த வகை என்று பார்த்துவிட்டுப் பதிலடி கொடுங்கள். ப்ரீஸ்டை உடனே கொல்வது உங்கள் கிரீச்சரைக் காப்பாற்றும். ரிங்கை அவசரப்பட்டு உடனே அழித்தால் உங்கள் கார்டை நிரந்தரமாக இழப்பீர்கள். ரிங் விஷயத்தில் முதல் டிரிகர் ரிசால்வ் ஆகும்வரை பொறுத்திருந்து, பிறகு அழியுங்கள்.

கேள்வி: போக்கிமானில் 3 டேமேஜ் கவுண்டர் (பாதிப்பைக் காட்டும் வில்லை) வைப்பதும் 30 டேமேஜும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. ஒரு கவுண்டர் 10 என்பது உண்மைதான், ஆனால் "கவுண்டர் வை" என்று எழுதியிருந்தால் வீக்னஸ் (பலவீனம்), ரெசிஸ்டன்ஸ் (எதிர்ப்புத் திறன்) எதையும் கணக்கிடக் கூடாது, 30 என்றால் 30தான். "30 டேமேஜ்" என்று இருந்து, எதிரே நிற்கும் ஆக்டிவ் போக்கிமானுக்கு ×2 வீக்னஸ் இருந்தால் அது 60 ஆகும். பெஞ்சில் (காத்திருக்கும் வரிசையில்) இருப்பவற்றுக்கு வழக்கமாக வீக்னஸ் கணக்கில்லை. அட்டாக்கின் டேமேஜை மட்டும் தடுக்கும் திறன் கவுண்டர்களைத் தடுக்காது. அட்டாக்கின் எஃபெக்டுகளைத் தடுக்கும் திறன் தடுக்கும்.

கேள்வி: பழைய கார்டில் ஒரு மாதிரியும் மறு அச்சில் வேறு மாதிரியும் இருந்தால் எதை நம்புவது?

பதில்: எப்போதும் புதியதை. மேஜிக்கில் ஒவ்வொரு கார்டுக்கும் "ஆரகிள்" எனப்படும் அதிகாரபூர்வ ஆங்கில வாசகம் உண்டு, அச்சில் என்ன இருந்தாலும் அதுதான் செல்லும். பழைய கார்டுகளில் "இன்டரப்ட்" என்று வகை எழுதியிருக்கும். 1999-இல் ஆறாம் பதிப்பு விதிகள் வந்தபோது அந்த வகையே நீக்கப்பட்டது. அவை இப்போது இன்ஸ்டன்ட் என்ற வகையில் சேரும். அச்சிலிருப்பதை வைத்து ஆடினால் இன்றைய ஸ்டாக் விதியோடு பொருந்தாது.

வாசகத்தைத் திருத்துவது மேஜிக் 1993-இல் வெளியாகும் முன்பே தொடங்கிவிட்டது. "டைம் வாக்" கார்டின் சோதனை வடிவத்தில் "எதிராளி அடுத்த முறையை இழக்கிறார்" என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். "எதிராளி அடுத்த முறையில் தோற்கிறார்" என்றும் அந்த ஆங்கில வாக்கியத்தைப் படிக்கலாம், ஒருவர் அப்படித்தான் படித்தார். அச்சுக்குப் போனபோது, இந்த முறைக்குப்பின் கூடுதலாக ஒரு முறை எடுத்துக்கொள் என்று மாற்றிவிட்டார்கள்.

கேள்வி: வீட்டில் ஆடும்போது ஜட்ஜ் (விதிகளில் தீர்ப்புச் சொல்பவர்) கிடையாது. வாசகம் இரண்டு விதமாகப் புரிந்தால் என்ன செய்வது?

பதில்: முதலில் எல்லாரும் கையை எடுங்கள். கார்டு எடுத்துவிட்டாலோ டெக்கை (கார்டுக் கட்டை) கலைத்துவிட்டாலோ பின்னால் போக முடியாது. வாசகத்தை முழுவதும் வாய்விட்டுப் படியுங்கள். அடைப்புக்குறிக்குள் சாய்வெழுத்தில் இருப்பது மேஜிக்கில் நினைவூட்டல் மட்டுமே, அதை வைத்து வாதாடக் கூடாது. இப்போதைய அதிகாரபூர்வ வாசகத்தையும் அந்தக் கார்டுக்கு வந்த விளக்கங்களையும் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் மேஜிக்கின் இரண்டு அடிப்படை விதிகளைப் பொருத்திப் பாருங்கள்: கார்டும் விதிப்புத்தகமும் மோதினால் கார்டு வெல்லும், "முடியும்" என்பதும் "முடியாது" என்பதும் மோதினால் "முடியாது" வெல்லும்.

அப்படியும் முடிவாகவில்லையா? இந்த ஆட்டத்துக்கு மட்டும் ஒரு பொருளை ஒப்புக்கொண்டு, கார்டின் பெயரோடு எழுதிவைத்துக்கொண்டு தொடருங்கள், சரியான விடையைப் பிறகு தேடலாம். "இந்தக் கார்டின் நோக்கம் இதுதான்" என்ற வாதத்தை மட்டும் ஏற்காதீர்கள். நோக்கம் யாருக்குச் சாதகமோ அவர் பக்கமே சாயும். போட்டியில் ஆடும்போது சந்தேகம் வந்த கணமே ஜட்ஜை அழையுங்கள், அடுத்த நகர்வுக்குப் பிறகு அல்ல. அங்கே தலைமை ஜட்ஜ் சொல்வதே இறுதி.

கேள்வி: எதிராளியிடம் "பிளாட்டினம் ஏஞ்சல்" இருக்கிறது. அவர் தோற்க முடியாது, நான் வெல்ல முடியாது. அவர் விட்டுக்கொடுக்க நினைத்தால்கூட முடியாதா?

பதில்: முடியும். ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதை எந்தக் கார்டாலும் தடுக்க முடியாது. கார்டு விதியை வெல்லும் என்ற அடிப்படைக்கு மேஜிக் விதிப்புத்தகமே எழுதிவைத்திருக்கும் விலக்கு அது.